மிக்ஸி நின்றுவிட்டதா? கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்

மிக்ஸி திடீரென நின்றால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும், லோடு அதிகமானால் மோட்டார் எரியாமல் கரண்டைத் துண்டிப்பது அதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் அநேகமாக ஓடிவிடும். மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றவில்லையா? மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரைப் பாருங்கள், தேய்ந்திருக்கும். கருகிய வாடை வந்தால் மட்டும் மறுபடி போடவே போடாதீர்கள்.

புதுசு வாங்குவதென்றால் வாட்ஸை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் வண்ணாரப்பேட்டையிலோ மூலக்கடையிலோ பழுது பார்ப்பவரிடம், "அண்ணே, எந்தக் கம்பெனிக்கு கப்ளர், ஜார் புஷ் மாதிரி ஸ்பேர் எல்லாம் உடனே கிடைக்குது?" என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பதில்தான் விளம்பரத்தைவிடப் பெரிது. அப்புறம், மோட்டாருக்குத் தரும் வாரண்டி ஜாருக்கும் உண்டா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.