வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அடியில் நிற்கிறது அந்தச் சின்னச் சிவப்புக் கலங்கரை விளக்கம். உயரம் சுமார் 40 அடி. 1880இல் நியூ ஜெர்சி கடற்கரையிலுள்ள சாண்டி ஹூக்கில் கட்டப்பட்டது. 1921இல் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். வார்ப்பிரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்த கூடு என்பதால் அது முடிந்தது. பராமரிப்பவருக்குத் தலைவலி தருவதும் அதே இணைப்புகள்தான். இதுபோன்ற கோபுரத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பவர்கள் டப்பாவைத் திறக்குமுன் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் உள்ளே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் சேரும் விளிம்பு, போல்ட் தலைகளின் அடிப்பக்கம், மேல்தளம் சுவரோடு சேரும் இடம், ஜன்னல் சட்டம் ஆகிய இடங்களில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள். வெளியே வறண்டிருந்தும் உட்சுவர் முழுக்க வியர்த்திருந்தால் அது ஒழுகல் அல்ல, காற்றோட்டம் இல்லை. பறவைக்குப் பயந்து காற்றுத்துளைகளை அடைத்துவைப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடைப்பை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் சோதித்த பிறகு கை வையுங்கள். உலர்வாகத் தேய்ப்பதும் தீச்சுடரால் எரிப்பதும் கூடாது. சாரத்தைச் சுற்றி மூடி, தூசியைப் பிடித்து, முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். கீழே ஆறு ஓடுகிறது. ஈய வேலைக்கு உரிமம் பெற்றவர்களை அமர்த்துவதுதான் புத்திசாலித்தனம்.

துருவை எடுக்க 80 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் நுண்துகள் பீய்ச்சல், அதாவது காற்றழுத்தத்தால் பொடித்துகளை வீசுவது, போதும். வார்ப்பின் மேல்தோல் உள்ளிருக்கும் இரும்பைவிடத் துருவைத் தாங்கும். அழுத்தத்தைக் கூட்டினால் அந்தத் தோலே போய்விடும். அமிலம் வேண்டாம், அது இடுக்கில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். சுத்தியலால் ஓங்கித் தட்டவும் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்விடும்; விரிசல்விட்டதை வெல்டிங் செய்யப்போனால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரலாம்.

ஹட்சனின் அந்தப் பகுதி வரை கடலலை ஏற்றமும் உப்பும் வருகின்றன. ஆகவே துகள் பீய்ச்சுமுன் நன்னீரால் கழுவுங்கள், பீய்ச்சியபின் உப்பு மிச்சமிருக்கிறதா என்று சோதியுங்கள். பெயின்டுக்கு அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். பிரைமர் (இரும்பில் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) நன்றாக இல்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி இந்த உப்புதான்.

சுத்தமான இரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை பூக்கும். எனவே அன்று பீய்ச்சிய பரப்புக்கு அன்றே பிரைமர். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும், இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது மேலேயும் இருக்க வேண்டும். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 14.4, தகடு 17.4க்குக் குறையக் கூடாது. காற்றை அளந்துவிட்டு ஆரம்பிப்பவர்கள் ஏமாறுவது காலையில் நிழல்படும் வடக்குப் பக்கத்தில். தகட்டைத் தொட்டு அளக்கும் வெப்பமானி வையுங்கள்.

முதலில் துத்தநாகம் கலந்த எபாக்சி பிசின் பிரைமர் 75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், நடுவில் எபாக்சி 125, மேலே பாலியூரித்தேன் சிவப்பு 50. இவை பொதுவாகப் பயன்படும் அளவுகள். தயாரிப்பாளரின் தாள் வேறு சொன்னால் அதுவே செல்லும். ஒவ்வொரு பூச்சுக்கு முன்னும் போல்ட் தலைகள், விளிம்புகள், இடுக்குகளுக்குத் தூரிகையால் தனியாக ஒரு கை கொடுங்கள். ஈரப் பெயின்ட் கூர் விளிம்பிலிருந்து விலகிப்போவதால் துரு முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான். எபாக்சியை மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் மாவு பூத்துவிடும்.

பிரைமர் காய்ந்தபின் இணைப்புகளை நெகிழும் பாலியூரித்தேன் அடைப்பானால் மூடுங்கள். சிமென்ட் வைக்காதீர்கள், இரும்பு விரிந்து சுருங்கும்போது அது வெடித்து, நுழைந்த நீரை உள்ளேயே பிடித்து வைக்கும். அடித்தகட்டின் வடிகால் துளைகளைத் தவறியும் அடைக்கக் கூடாது.

பெயின்ட் எவ்வளவு வாங்குவது? அடிவிட்டம் 4.5 மீட்டர், மேல்விட்டம் 3 மீட்டர், உயரம் 9 மீட்டர் என்ற கூம்புக்கு வெளிப்பரப்பு சுமார் 106 சதுர மீட்டர். 60 சதவீதத் திடப்பொருள் உள்ள பிரைமர் 75 மைக்ரானில் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் வரும்; அதாவது 13 லிட்டருக்குச் சற்று மேல். ஆற்றுக்காற்றில் 30 சதவீதம் வீணாகும் என்று கணக்கிட்டு 19 லிட்டர் வாங்குங்கள். பளிச்சென்ற சிவப்பு அடிநிறத்தை எளிதில் மறைக்காது. நடுப்பூச்சையே இளஞ்சிவப்பாகக் கலக்கச் சொன்னால் மேலே ஒரு பூச்சு மிச்சமாகலாம்.

பிறகு குளிர்காலம் முடியும்போதெல்லாம் ஒரு முறை கழுவி, பழைய சாக்பீஸ் குறிகள் இருந்த இடங்களைப் பாருங்கள். நகக்கண் அளவு துரு தெரிந்தால் அன்றே சுரண்டிப் பிரைமர் வையுங்கள்.