ஆசிரியராக விரும்பும் கல்லூரி கோல்ஃப் ஆட்டக்காரருக்கு

பல்கலைக்கழக கோல்ஃப் அணியில் ஆடிக்கொண்டே, பட்டம் பெற்றபின் ஆசிரியர் பணிக்குச் செல்லலாம் என்று எண்ணும் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இருக்கும் சிலருக்காக இதை எழுதுகிறேன். நான் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவன். இன்று ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கோல்ஃப் ஆடினால் நேர்மையும் பொறுமையும் தாமாகவே வந்துவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது ஆண்டுகள் ஆடியும் கோபத்தில் மட்டையைத் தரையில் அறைபவர்களை எல்லாத் திடல்களிலும் பார்க்கலாம். ஆட்டம் வாய்ப்புகளைத்தான் தரும். அவற்றை எப்படிப் பிடித்துக்கொள்வது, வகுப்பறைவரை எப்படிக் கொண்டுசெல்வது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாரும் பார்க்காத அடி

முதல் வேலையாக, விதிப்புத்தகத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை படித்துவிடுங்கள். அணியில் ஆடுபவர்களிலும் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டதை வைத்தே ஆடுவார்கள். 2019இல் விதிகள் பெரிய அளவில் திருத்தப்பட்டன. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைந்தது. குழியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டியிருக்கும் கிரீனில் தற்செயலாகப் பந்தை நகர்த்தினால் பெனால்டி, அதாவது தண்டனையாகக் கணக்கில் சேரும் அடி, கிடையாது. ஆனால் புல் உயர்ந்து வளர்ந்த ரஃபில் உங்களால் பந்து நகர்ந்தால் ஓர் அடி பெனால்டி உண்டு, பந்தையும் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். இந்த வேறுபாடுகளை அறியாதவர் நேர்மையாக இருக்க விரும்பினாலும் அவரால் முடியாது. எது தவறு என்பதே அவருக்குத் தெரியாது.

கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் அருகில் இருப்பதில்லை. தம்மீது விதியைச் செலுத்த வேண்டியவர் ஆட்டக்காரரே. 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பொது விருதுப் போட்டியில் (யு.எஸ். ஓப்பன்) அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், ரஃபில் தம் பந்து அசைந்ததாகத் தாமே சொல்லி ஓர் அடி பெனால்டி ஏற்றுக்கொண்டார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் வில்லி மெக்ஃபார்லனுடன் சமநிலையில் நின்று, வெற்றியாளரைத் தீர்மானிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். இந்தக் கதையைக் கோல்ஃப் உலகம் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு உதவப்போவது உங்களுடைய சொந்தக் கதைதான் என்பதால் என்னுடையதைச் சொல்கிறேன்.

என் இரண்டாம் ஆண்டில், ஒரு நட்பு ஆட்டத்தின் பதினான்காவது குழியில், ரஃபில் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தேன். பந்து அரை அங்குலம் இறங்கிப் புல்லுக்குள் அமர்ந்தது. உடன் ஆடிய இருவரும் முப்பது மீட்டருக்கு அப்பால் தத்தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தனர். நான் கையை உயர்த்தி அவர்களை அழைப்பதற்குள் பத்து வினாடி கழிந்திருக்கலாம். அந்தப் பத்து வினாடியில் மனம் எடுத்துக் கொடுத்த சாக்குகளை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும்: காற்று அசைத்திருக்கும், பந்து ஆடியது, ஆனால் இடம் மாறவில்லை, நட்பு ஆட்டம்தானே. பல ஆண்டுகள் கழித்து, நான் திருத்திக் கொடுத்துவிட்ட ஒரு தேர்வுத்தாளில் கூட்டல் பிழையால் ஒரு மாணவிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்திருப்பதைத் தற்செயலாகக் கண்டபோது, அதே சாக்குகள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றன. அவள் கேட்கவில்லை, தேர்ச்சி பெற்றுவிட்டாள், தவணையும் முடிந்துவிட்டது. பழைய முகங்கள் என்பதால் அடையாளம் காண முடிந்தது; மறுநாள் காலை அவளிடம் தாளைக் கேட்டு வாங்கித் திருத்தினேன்.

ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் அதில் அடிகளின் எண்ணிக்கையை எழுத வேண்டாம். அதைச் செயலியே வைத்துக்கொள்ளும். எவரும் பார்க்காத இடத்தில் என்ன செய்தீர்கள், எந்தக் குழியில் மனம் தடுமாறியது, எது அதைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதை மட்டும் இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். அன்றிரவே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் நீங்கள் உங்களுக்கே வழக்கறிஞராகிவிடுவீர்கள்.

அடுத்தவரின் அட்டை

மொத்த அடிகளை எண்ணி, குறைவாக அடித்தவர் வெல்லும் அடிக்கணக்குப் போட்டியில் உங்கள் ஸ்கோர் கார்டை உடன் ஆடுபவர் நிரப்புவார். அவருடையதையோ வேறொருவருடையதையோ நீங்கள் நிரப்புவீர்கள். இந்த மார்க்கர் வேலையைப் பலர் ஒரு தொல்லையாகவே கருதுகிறார்கள். என் கணக்கில், ஆசிரியராகப் போகிறவருக்கு இந்த ஆட்டத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி இதுவே.

1968ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா ஆட்டக்காரர் ராபர்ட்டோ டி விசென்ஸோ பதினேழாவது குழியை மூன்று அடியில் முடித்தார். மார்க்கராக இருந்தவர் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ சரிபாராமல் கையெழுத்திட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையொப்பமிட்ட எண்ணே நிலைக்கும் என்பது விதி. அந்த ஓர் அடியால் பாப் கோல்பியுடன் கூடுதல் ஆட்டம் ஆடும் வாய்ப்பை இழந்தார். கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதிப்பெண் பதிவு செய்யும் எவரும் இந்த நிகழ்ச்சியில் எழுதியவரின் பக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அட்டை எழுதும்போது கடினமான தருணம் ஒன்று வரும். உடன் ஆடுபவர் “ஐந்து” என்பார். உங்கள் எண்ணிக்கையில் ஆறு இருக்கும். அப்போது “இல்லை, ஆறு” என்று மறுக்காதீர்கள். “சரி” என்று விழுங்கவும் வேண்டாம். “முதல் அடியிலிருந்து சேர்ந்து எண்ணிப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். டிரைவர் மட்டையால் முதல் அடி, மரத்தடி, பங்கர் எனும் மணற்குழி, அதே பங்கரில் இன்னொரு முறை, கிரீன் என்று ஒவ்வோர் அடியாக நடந்து வந்தால், பத்தில் ஒன்பது முறை அவரே பங்கரில் நின்று “ஆமாம், அங்கே இரண்டு” என்பார். கட்டுரையில் தமக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டு வரும் மாணவரிடமும் நான் இன்றுவரை இதே முறையைத்தான் கையாளுகிறேன். தாளை நடுவில் வைத்து முதல் வரியிலிருந்து இருவரும் சேர்ந்து நடக்கிறோம். சில சமயம் தவறு என்னுடையதாக இருப்பதும் அப்படித்தான் தெரியவருகிறது.

ஐந்தாவது ஆள்

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் வழக்கமாக ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவர். ஒவ்வொரு ரவுண்டிலும் சிறந்த நான்கு பேரின் எண்களே கணக்கில் சேரும். அந்த அமைப்பில் வளர்ந்துவந்த சிங்கப்பூரர்களின் பெயர்கள் அண்மைக் காலத்தில் பலருக்கும் தெரிந்திருக்கின்றன. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஹிரோஷி டாய் 2024இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தனிநபர் பட்டத்தை வென்று, 2025இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடினார். டெக்சஸ் டெக்கில் பயின்ற ஷேனன் டான் 2024இல் கென்யாவில் ஐரோப்பிய மகளிர் சுற்றுப் போட்டி ஒன்றை வென்று, அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

நீங்களும் நானும் அந்த வரிசையில் இல்லை என்று வைத்துக்கொண்டே பேசுவோம். அணியில் நான் பெரும்பாலும் கடைசி இடத்தில் இருந்தவன். என் எண் கணக்கில் சேராத நாள்களே அதிகம். அப்படிப்பட்ட நாளில் பதினைந்தாவது குழியில் நிற்பவர் எப்படி ஆட வேண்டும்? தம் எண் விட்டுவிடப்படும் என்று அவர் முடிவு செய்துகொள்ளக் கூடாது. முன்னால் போன ஒருவருக்குக் கடைசி மூன்று குழிகளில் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாது. எண்ணப்படாமல் போகலாம் என்று அறிந்தே முழு மனத்தோடு ஆடுவதை நீங்கள் அந்த இடத்தில் இருந்தால்தான் கற்க முடியும். முதல் இடத்திலேயே இருந்துவிட்டுக் கற்பிக்க வந்த சிலருக்கு, வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவர் ஏன் முயல்வதில்லை என்பது கடைசிவரை புரிவதில்லை என்பது என் அனுபவம்.

ஆட்டக்காரரின் திறனுக்கேற்ப அடிகளில் சலுகை தரும் ஹேண்டிகேப் கணக்கையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், அண்மைய இருபது ரவுண்டுகளில் சிறந்த எட்டின் சராசரியை எடுக்கிறார்கள். உச்ச வரம்பு 54. புதிதாக ஆடத் தொடங்கியவரும் தேர்ந்தவரும் ஒரே ஆட்டத்தில் ஓரளவு சமமாக மோத இது வழி செய்கிறது. மோசமான நாள்களைத் தள்ளிவிட்டு, ஒருவரால் எட்டக்கூடியது எது என்று பார்க்கிறது. மாணவரை மதிப்பிடும்போது நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோமோ என்ற ஐயம் எனக்கு அடிக்கடி வருகிறது.

இடி மின்னல் நேரத்தைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் ஆண்டின் நாள்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான நாள்களில் இடி இடிக்கிறது. எச்சரிக்கை ஒலி கேட்டவுடன், நல்ல ஆட்டமோ கெட்ட ஆட்டமோ, நிறுத்திவிட்டு ஒதுங்கியாக வேண்டும். கொட்டகையில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கைப்பேசியை எடுக்காமல் அணியின் இளையவர்களிடம் பேசுங்கள்.

கற்றுக்கொடுத்துப் பழகுதல்

மூன்றாம் ஆண்டுக்குள் எவருக்காவது கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். உறவினர் பிள்ளையாக இருக்கலாம், அணிக்குப் புதிதாக வந்தவராக இருக்கலாம். பழைய ஏழாம் எண் அயர்ன் மட்டை ஒன்றும் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்தும் போதும்.

நான் முதலில் கற்றுக்கொடுத்தது உயர்நிலை ஒன்றில் படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு. “பிடியைத் தளர்த்து, தலையை ஆட்டாதே, இடது முழங்கையை மடக்காதே” என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் மட்டையைப் பிடித்தபடி சிலையாக நின்றான். பிறகு மெதுவாக, “அண்ணே, இதுல முதல்ல எதைச் செய்யட்டும்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. மூன்றும் சரியான அறிவுரைகளே; மூன்றையும் சேர்த்துச் சொன்னதுதான் தவறு.

கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புதிதாகக் கோல்ஃப் கற்பவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. தம் கையின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிட, மட்டையின் அசைவில் கவனம் வைத்தவர்கள் பந்தைத் துல்லியமாக அடித்தனர். அதை அறிந்தபின் அந்தப் பையனிடம் உடலுறுப்புகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, “மட்டையின் தலை அந்தப் புல்லை உரசிக்கொண்டு போகட்டும்” என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது பந்து எழும்பிப் பறந்தது. தமிழ் வகுப்பிலும் இது பயன்படுகிறது. ழகரம் வராத மாணவரிடம் நாக்கை எங்கே மடக்குவது என்று விளக்கியதைவிட, “தாத்தா சந்தையிலிருந்து வாங்கி வந்தது வாழையா, வாளையா?” என்று கேட்டு, பழமா மீனா என்று மற்றவர்களைச் சொல்ல வைத்தபோது ஒலி விரைவாகத் திருந்தியது.

இன்னொரு பயிற்சியும் உண்டு. வெட்கத்தை விட்டுச் செய்ய வேண்டும். வலக்கைக்காரராக இருந்தால் இடக்கைக்காரரின் மட்டையை இரவல் வாங்கி இருபது பந்து அடித்துப் பாருங்கள். ஏழெட்டுப் பந்து காற்றை வெட்டும், மிச்சம் உருளும். ஒன்றும் தெரியாதவராக இருப்பது எப்படி இருக்கும் என்பதை நான்கு ஆண்டு ஆடிய உடம்பு மறந்திருக்கும். அதை நினைவூட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

விண்ணப்பமும் அதன் பிறகும்

ஆசிரியர் பணிக்குக் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி தேசியக் கல்விக் கழகத்தில் நடைபெறும். பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டு, பின்னர் ஒப்பந்தக் காலமும் உண்டு என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே பேசிவிடுங்கள். முழுநேர ஆசிரியராக விரும்பாமல் பள்ளிகளில் பயிற்றுவிப்பாளராக மட்டும் இருக்க எண்ணினால், தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் சேர்வதற்கான தகுதிகளை நோக்கிச் செல்வது தனி வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் “கோல்ஃப் எனக்குக் கட்டொழுங்கைக் கற்றுத் தந்தது” என்று சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர்கள் அந்த வாக்கியத்தைக் கூடைப்பந்து ஆடியவரிடமும் சிலம்பம் சுற்றியவரிடமும் கேட்டிருப்பார்கள். குறிப்பேட்டை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியை, நீங்கள் தடுமாறிய பகுதியையும் மறைக்காமல், இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

கோல்ஃபையே பள்ளியில் கற்பிக்கலாம் என்று கனவு காணாமல் இருப்பது நல்லது. அதை இணைப்பாட நடவடிக்கையாக வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு. எனக்குக் கிடைத்தது பூப்பந்து. ஆடும் இடமும் சுருங்கி வருகிறது. பொதுமக்கள் ஆடக்கூடிய பதினெட்டுக் குழித் திடலாக இருந்த மரினா பே 2024 ஜூன் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் பாடக் குறிப்பும் திருத்தும் வேலையும் வார இறுதிகளைத் தின்றுவிடும். மட்டைப் பை வீட்டின் சாமான் அறையில் தூசி படியும். அதைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். ஜூன் விடுமுறையில் ஒரு வார நாள் காலையை முன்பே ஒதுக்கி வையுங்கள். கூட்டம் இருக்காது, கட்டணமும் வார இறுதியைவிடக் குறைவாக இருக்கும். பழைய அணியிலிருந்து ஒருவரை அழைத்து, உங்கள் அட்டையை அவர் எழுதட்டும்.