“முழுப் பொறுப்பும் எனதே” என்ற கடிதத்தை ஆண்டறிக்கையோடு ஒத்துப் பார்ப்பது எப்படி

2022 நவம்பரில் மெட்டா சுமார் 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, கொரோனா கால இணைய வியாபாரம் அப்படியே நிலைக்கும் என்று நம்பி முதலீட்டை ஏற்றியது தன் தவறு என மார்க் சக்கர்பெர்க் எழுதினார். 2023 ஜனவரியில் கூகுளில் சுமார் 12,000 பேர். சுந்தர் பிச்சை முழுப் பொறுப்பேற்பதாகச் சொன்னார். சில மாதங்களில் வெளியான ஆவணத்தில் அவருடைய 2022ஆம் ஆண்டு ஊதியம் சுமார் 22.6 கோடி டாலர். பெரும்பகுதி, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒதுக்கப்படும் பங்குகள்.

பொறுப்பேற்றது உண்மையென்றால் ஊதியத்திலோ பதவியிலோ அதன் தடம் தெரியவேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனம் என்றால் அந்தத் தடத்தை வீட்டிலிருந்தபடியே தேடலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் (ஏஜிஎம்) கேள்வி கேட்கவும் ஓட்டுப் போடவும் ஒரே ஒரு பங்கு போதும்.

தலைமையின் பிழையா, சந்தைச் சரிவா?

கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள்: நிரந்தர ஊழியர் எண்ணிக்கை, வருமானம், ‘விதிவிலக்கான இனங்கள்’ என லாப நட்டக் கணக்கில் தனியாகக் காட்டிய தொகை, வாங்கிய நிறுவனங்களின் மதிப்பைக் குறைத்து எழுதிய தொகை. வருமானம் 10% ஏறிய ஆண்டில் ஆட்கள் 40% ஏறியிருந்தால், அடுத்த ஆண்டு ஆட்குறைப்புக்குச் சந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. நான்காவது பத்தி கனமாக இருந்தால், எதையோ அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் இதே பத்திகளைப் போடுங்கள். மூன்றும் ஒன்றாகச் சரிந்திருந்தால் தலைமையைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையும் தரவேண்டும். அதன் முதல் பிரிவிலேயே ஊழியர் எண்ணிக்கையும் மூன்றாண்டு வெளியேற்ற விகிதமும் இருக்கும். ஆனால் தானாக விலகியவர், ஓய்வு பெற்றவர், நீக்கப்பட்டவர் எல்லோரும் அங்கே ஒரே எண்ணுக்குள் அடக்கம். ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பியவர்களைப் பிரித்தறிய வழியே இல்லை. (இழப்பீடு என்னவென்று எழுத்தில் வரும்வரை ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் தொழிலாளர் வரையறைக்குள் வருபவருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் சட்டப்படியே உண்டு. ராஜினாமா கொடுத்தபின் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.)

ஊதியப் பக்கம்

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197(12)இன்படி, ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் நடுநிலை ஊழியரின் (ஊதிய வரிசையில் சரிபாதியில் நிற்பவர்) ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு, அவ்வாண்டு அவருக்கு எத்தனை சதவீத உயர்வு என்பதை இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில் சொல்லியாக வேண்டும். மடங்கு குறைந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள். கீழ்நிலையில் சம்பளம் குறைந்தவர்களை நிறையப் பேர் நீக்கினால் நடுநிலை ஊதியம் தானாக மேலே போகும். எம்டி (நிர்வாக இயக்குநர்) ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காமலே மடங்கு இறங்கிவிடும். ஆகவே மடங்கை விட்டுவிட்டு ரூபாய்த் தொகையைப் பாருங்கள். அதிகம் சம்பளம் வாங்கும் முதல் பத்துப் பேரின் பட்டியலைப் பெரும்பாலும் அச்சிடமாட்டார்கள். கம்பெனி செக்ரட்டரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பங்குதாரருக்குக் கொடுப்பார்கள்.

‘சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்’ என்ற செய்தி வந்தால், எந்தச் சம்பளம் என்று கேளுங்கள். மொத்த ஊதியம் 10 கோடி, அதில் அடிப்படைச் சம்பளம் 1 கோடி என்று வையுங்கள். 25% வெட்டு என்றால் போவது 25 லட்சம், அதாவது மொத்தத்தில் இரண்டரை சதவீதம். 2023இல் இன்டெல் தலைமை நிர்வாகி ஏற்ற 25% வெட்டும் அடிப்படைச் சம்பளத்தில்தான். இதற்கு நேர்மாறு 2014இல் ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ. வீ யு என்ற கேம் கருவியின் விற்பனைக் கணிப்பு 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தபோது, தலைவர் சதோரு இவாதா ஐந்து மாதங்களுக்குத் தன் ஊதியத்தைப் பாதியாக்கிக்கொண்டார்.

நிஜமான விஷயம் போனஸ் கணக்கில் ஒளிந்திருக்கும். போனஸ் ‘இயக்க லாப விகிதத்தை’ (வருமானத்தில் தொழில் செலவு போக நிற்கும் லாபம் எத்தனை சதவீதம்) வைத்து என்றால், ஆட்குறைப்பே அந்த விகிதத்தை ஏற்றும். போதாததற்கு, நீக்கியவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டை ‘விதிவிலக்கான இனம்’ என்று ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவார்கள். செலவு கணக்கில் வராது, மிச்சம் மட்டும் வரும். பிழை செய்தவருக்கே பரிசு. பங்கு விலை விழுந்த நேரத்தில் புதிதாக ஒதுக்கிய ஸ்டாக் ஆப்ஷன்களின் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) தேதியையும் பாருங்கள். அடிமட்ட விலையில் கொடுத்தால் விலை பழைய இடத்துக்கு மீண்டாலே லாபம்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமே என்றால், பிரிவு 199 மோசடியாலோ சட்டத்தை மீறியதாலோ கணக்கைத் திருத்தி எழுதும்போது மட்டும்தான் கைகொடுக்கும். தப்புக் கணிப்புக்கு அது பொருந்தாது. அதற்கு நியமன ஒப்பந்தத்திலேயே தனி ஷரத்து வேண்டும். தனியார் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2019இல் அதைக் கட்டாயமாக்கியது. மற்ற நிறுவனங்களிடம் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

ஏஜிஎம்

அறிவிப்பு 21 நாள் முன்னதாக வரும். அதில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) பங்கு இருக்கவேண்டிய கட்-ஆஃப் நாள், பேச்சாளராகப் பதிவு செய்யக் கடைசி நாள், ஈ-வோட்டிங் முடியும் நேரம். பலர் கோட்டைவிடுவது இரண்டாவதை. ஏஜிஎம்முக்குச் சில நாள் முன்பே அது முடிந்துவிடும்.

“ஏன் இத்தனை பேரை நீக்கினீர்கள்?” என்று கேட்டால் “கடினமான, ஆனால் தேவையான முடிவு” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேள்வியை, இயக்குநர்களின் ஊதியத்தைப் பரிந்துரைக்கும் ஊதியக் குழுவின் தலைவரிடம் கேளுங்கள். அவரோ அவர் அனுப்பும் உறுப்பினரோ ஏஜிஎம்முக்கு வந்தாக வேண்டும் என்கிறது பிரிவு 178(7). இப்படி: “பக்கம் இத்தனையில் உள்ள இழப்பீட்டுச் செலவு எம்டியின் போனஸ் கணக்கில் கழிக்கப்பட்டதா? ஆட்குறைப்பை முடிவு செய்தபின் அவருடைய இலக்குகள் திருத்தப்பட்டனவா? எந்தத் தேதியில்?” ஆம், இல்லை, தேதி: இவற்றில் ஒன்றைச் சொல்லாமல் நழுவுவது கடினம். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

எம்டியின் ஒரு பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் போகாது. மறுநியமனத் தீர்மானம் வரும் ஆண்டுதான் உங்கள் ஓட்டுக்கு மதிப்பு. பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப் என்றால் இந்த வசதிகள் குறைவு. எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் நிதியறிக்கையைத் திறந்து, தொடர்புடையோர் பரிவர்த்தனைக் குறிப்பில் (நிறுவனர், இயக்குநர் போன்றோருடனான கொடுக்கல் வாங்கல்) நிறுவனர் ஊதியத்தைப் பார்க்கலாம்.

ஓட்டு முடிவு இரண்டு வேலை நாளில் பங்குச்சந்தைத் தளத்துக்கு வரும். ‘98% ஆதரவு’ என்ற மொத்த எண்ணைத் தாண்டி, புரொமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்), நிதி நிறுவனங்கள், பொதுமக்கள் என்று பிரித்த அட்டவணைக்குப் போங்கள். புரொமோட்டர் கையில் 70% இருக்கும் கம்பெனியில் தீர்மானம் பெரும்பாலும் தேறிவிடும். நிதி நிறுவனங்கள் வரிசையில் எதிர்ப்பு எத்தனை சதவீதம் என்று குறித்து, சென்ற முறை அதே இயக்குநருக்கு விழுந்த எதிர்ப்போடு ஒப்பிடுங்கள்.