பங்கு வாங்கி ஏமாந்தவர் வழக்கில் சறுக்கும் இடங்கள்

பங்கு வாங்கிய பிறகு கணக்கு இடிக்கிறது என்றால் முதலில் வாயில் வரும் சொல் ‘மோசடி’. அதை அப்படியே மனுவில் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. 1889-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அன்று அதுவே அங்கே உச்ச நீதிமன்றம்) தீர்த்த டெர்ரி எதிர் பீக் வழக்கைப் பாருங்கள். பிளிமத் நகர டிராம் கம்பெனி ஒன்று, நீராவியால் வண்டி ஓட்ட உரிமை உண்டு என்று அறிக்கை வெளியிட்டுப் பங்கு விற்றது. அதற்கு வர்த்தக வாரியம் என்ற அரசுத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. ஒப்புதல் மறுக்கப்பட்டது, கம்பெனி மூடப்பட்டது. ஆனாலும் இயக்குநர்கள் தப்பினார்கள். உரிமை இருப்பதாக அவர்கள் மனதார நம்பியிருந்தார்களாம்! பொய்யென்று தெரிந்தோ, தான் நம்பாமலோ, மெய்யா பொய்யா என்ற கவலையே இல்லாமலோ சொன்னால்தான் மோசடி. வெறும் கவனக்குறைவு அந்தக் கணக்கில் சேராது. அதற்கு வேறு பரிகாரம் தேட வேண்டும்.

“நானே விசாரித்திருக்கலாமே, என் மேல்தான் தப்பு” என்று ஒதுங்குவோரும் உண்டு. தேவையில்லை. சரிபார்க்க வாய்ப்பு இருந்தது என்பதைக் காட்டிப் பொய் சொன்னவர் தப்ப முடியாது என்று ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் வழக்கு 1881-லேயே சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் ஆடிட்டரை அனுப்பி, அவர் சொன்னதை நம்பியே வாங்கினீர்கள் என்றால் கதை மாறும். விற்றவரின் சொல் உங்களை அசைத்தது என்று காட்டுவது கடினம். ஆகவே யார், எப்போது, எந்த எண்ணைச் சொன்னார் என்பதை அன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தேநீர் மேசைப் பேச்சு சாட்சிக் கூண்டில் நிற்காது.

‘வேறெந்த வாக்குறுதியையும் நம்பி வாங்கவில்லை’ என்ற ஷரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்றும் பயப்படுவார்கள். தன் சொந்த மோசடிக்கான பொறுப்பிலிருந்து ஒருவர் ஒப்பந்த ஷரத்தைக் காட்டித் தப்ப முடியாது என்பதே ஆங்கிலேயச் சட்டத்தின் நிலை.

உண்மை தெரிந்த பின் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏமாந்தது தெரிந்தும் டிவிடெண்ட் வாங்கினால், கூட்டத்தில் வாக்களித்தால், பங்கை விற்க முயன்றால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ரத்து செய்யும் உரிமை போய்விடும். நஷ்டஈடு மட்டும் மிஞ்சலாம். கம்பெனி திவாலாகிக் கலைக்கப்படத் தொடங்கிவிட்டால், கம்பெனியிடமே நேரடியாக வாங்கிய பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் அடைபடும். அதனால் சந்தேகம் உறுதியான அன்றே எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். டிவிடெண்ட் காசோலை வந்தால் வங்கியில் போடாதீர்கள்.