பட்டன் பெரிதாக இருந்தால் நல்ல டயரா? தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஏதாவது ஒன்றை வாங்கியதும் பலர் முதலில் கை வைப்பது டயரில்தான். கடையில் அடுக்கி வைத்திருப்பதில் எதன் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) முரட்டுத்தனமாக இருக்கிறதோ, அதற்கே மனசு போகும். அந்த முரட்டு ரகத்துக்கு எம்டி என்று பெயர், சேற்றுக்காகச் செய்தது. ரோட்டுக்கென்றே செய்தது எச்டி. இரண்டுக்கும் நடுவில் ஏடி. உங்கள் வண்டி மாதத்தில் எத்தனை நாள் ரோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது என்று கடைக்காரர் பெரும்பாலும் கேட்கமாட்டார். நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாரம் முழுக்க ஆபீஸ் போய்வந்து, எப்போதாவது ஒரு லீவுக்கு மலையேறும் வண்டிக்கு எம்டி போடுவது என் கணக்கில் வீண்செலவு.

செலவு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எம்டி டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் ரோட்டில் படும் ரப்பர் குறைவு. ஈர ரோட்டைப் பிடித்துக்கொள்ள உதவும் மெல்லிய கீறல்களும் அதில் குறைவாகத்தான் இருக்கும். ஆடி மாத மழையில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி கொஞ்சம் கூடுதலாக ஓடித்தான் நிற்கும். ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் ஊளைச் சத்தம். டயரின் எடையும் அதிகம் என்பதால் பிக்கப், மைலேஜ் இரண்டும் அடிவாங்கும். இதெல்லாம் தெரிந்தும் தோற்றத்துக்காகவே வேண்டும் என்றால், சரி, அது உங்கள் பணம்.

அடுத்த தவறு, ‘ஆஃப்ரோடு’ என்றால் எல்லாம் ஒரே தரை என்று நினைப்பது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் காட்டுக்குள் வண்டியை விட்டுப் பாருங்கள். களிமண் பிசுபிசுவென்று ஒட்டி, சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் பட்டன் சந்தெல்லாம் அடைத்துவிடும். ஏடி டயர் கறுப்பாக, வழவழப்பாக, மொட்டை டயரைவிட மோசமாகிவிடும். மண் மட்கார்டுக்குள்ளும் அப்பிச் சக்கரத்தை இறுக்கும். டிராக்டரின் பின் டயரைக் கவனித்தால் தெரியும்: பட்டன்கள் சாய்வாக, நன்றாக விலகி நிற்கும். சுற்றும்போது சேறு கழன்று விழுவதற்காகவே அந்த அமைப்பு. எம்டியிலும் அதே தந்திரம்தான். கரிசலில் தோட்டம் வைத்துக்கொண்டு மழைக்காலத்திலும் தினம் போய்வருபவர் எம்டி வாங்கினால் நான் தடுக்கமாட்டேன்.

அதே டயரைத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அந்தச் செம்மணலில் முரட்டுப் பட்டன் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் தோண்டும். வண்டி அடிவயிறு தட்டி உட்கார்ந்துவிடும். மணலுக்குத் தேவை டயர் பரந்து படுவது. அதற்குக் காற்றை இறக்க வேண்டும். ரோட்டில் 30 பிஎஸ்ஐக்கு மேல் வைத்து ஓட்டும் வண்டியை மணலில் 18 வாக்கில் இறக்கினால், சாதாரண ஏடி டயரே தாண்டிவிடும். அப்படி இறக்கிய பிறகு ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கக் கூடாது; டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். ரோட்டுக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றோடு ஹைவேயில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். ஆகவே டயருக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, காற்றை அளக்கும் ஒரு கேஜும் பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸரும் வாங்கிவிடுங்கள். (தேரிக்காட்டில் பல பகுதி காப்புக்காடு. விசாரித்துவிட்டு இறங்குங்கள்.)

கல்லும் பாறையுமான பாதை மூன்றாவது ரகம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே டயரைக் காவு வாங்குவது, பக்கவாட்டில் குத்தும் கூர்மையான கல். பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் திரி சொருகி ஓட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். பாறைப் பாதையில் அடிக்கடி ஓடும் வண்டி என்றால், பட்டனைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று விசாரியுங்கள்.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம்; அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்; 15 அங்குலம் ரிம். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 693 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ.யைத் தாண்டும். 40 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், 20 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, பழைய டயரோடு ஒப்பிட்டால் வண்டி 106 வாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் அதே கணக்கில் குறைத்துக் காட்டும். மைலேஜ் படுத்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். மீதி நிஜம்: 1.5 லிட்டர் எஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுற்ற, மலை ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு. 215/75 ஆர்15 என்றால் விட்டம் 703.5 மி.மீ. ஒன்றரை சதவீத வித்தியாசத்தோடு முடிந்துவிடும். பெரிதாக்கியே ஆகவேண்டும் என்பவர்கள் அங்கேயே நிற்பது நல்லது. ரிம்மை வெளியே தள்ளி, சக்கரம் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுவது வீல் பேரிங்குக்குக் கேடு, இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சண்டைக்கு வழி.

அளவுக்குப் பக்கத்தில் 96எஸ் என்பது போல ஒன்று அச்சாகியிருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரை. கம்பெனி டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்காதீர்கள். அதற்காக ஏறிக்கொண்டே போவதும் தப்பு. அளவே எல்டி (லைட் டிரக்) என்று தொடங்கும் 10 பிளை டயர், அதாவது பத்து அடுக்குக்குச் சமமான பலமுள்ளது, பாரம் சுமக்கும் பிக்கப் வண்டிக்குப் பொருந்தும். 1,200 கிலோ ஜிம்னியில் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில் தெரியும்.

‘இப்போதைக்கு ரெண்டு மட்டும் மாத்திக்கலாம், அப்புறம் மிச்சம்’ என்பதற்கும் இந்த வண்டிகளில் இடமில்லை. தார், ஜிம்னி இரண்டிலும் முன், பின் ஆக்சிலுக்கு நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். முன் டயரும் பின் டயரும் விட்டத்தில் மாறுபட்டால், பிடிப்புள்ள தரையில் அந்த இழுபறி முழுவதும், இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் இறங்கும். மாற்றினால் நாலும் ஒன்றாக, ஒரே ரகமாக.

பணம் கொடுப்பதற்கு முன்னால் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணைத் தேடி, கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் டயரைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்த்து ஐந்தாகப் பேரம் பேசுங்கள். நாலு பெரிய டயருக்கு நடுவில் பழைய சின்ன ஸ்டெப்னியை மாட்டினால், பஞ்சரான இடத்திலேயே மேலே சொன்ன விட்டச் சிக்கல் தொடங்கிவிடும். ஐந்தாவதும் பெரியது என்றால், தொங்குவது பின்கதவில் என்பதால் கூடுதல் எடை கதவுக் கீலில் ஏறும். மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டியதும் கீல் போல்ட்டுகளை ஒருமுறை பார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.