டிகின்டர் படிவத்தில் உள்ளீட்டுப் பெட்டிகளைப் பூட்டுவது எப்படி?

திருகோணமலை திருக்கடலூரில் கரைசேரும் மீனை நிறுத்து வாங்கும் ஒருவருக்காக, வள்ளத்தின் இலக்கம், மீன் வகை, நிறை, கிலோ விலை, மொத்தத் தொகை ஆகிய ஐந்து பெட்டிகள் கொண்ட படிவமொன்றைப் பைதன் மொழியில், சாளரங்களும் பெட்டிகளும் அமைக்க உதவும் டிகின்டர் நூலகத்தின் துணையுடன் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். சேமித்த பின்னர் நிறையை எவரும் திருத்தக் கூடாது. மொத்தத் தொகையையோ தொடக்கத்திலிருந்தே எவரும் தட்டெழுதக் கூடாது.

என்ட்ரி எனப்படும் உள்ளீட்டுப் பெட்டிக்கு ஸ்டேட் என்றொரு பண்பு உண்டு. அது நார்மல், டிஸேபிள்ட், ரீட்ஒன்லி என்னும் மூன்றில் ஒன்றை ஏற்கும். பெட்டியின் கன்ஃபிக் முறையை அழைத்து அம்மதிப்பைக் கொடுத்தால் போதும். பின்னிரண்டும் தட்டெழுதுவதைத் தடுப்பவையே. ஆயினும் டிஸேபிள்ட் நிலையில் பெட்டிக்குள் இருப்பதைத் தெரிவுசெய்யவும் இயலாது, எழுத்தும் பெரும்பாலும் மங்கிவிடும். ரீட்ஒன்லி நிலையில் எழுத்து தெளிவாக நிற்பதுடன் அதைத் தெரிவுசெய்து நகலெடுக்கவும் முடியும். கடற்கரை வெயிலில் திரையைப் பார்த்துக் கணக்குச் சொல்பவருக்கு மங்கிய எண் உதவாது என்பதால், நிறைக்கும் மொத்தத் தொகைக்கும் ரீட்ஒன்லியே பொருத்தம் என்பது என் கருத்து.

மீன் வகைக்குக் கொம்போபாக்ஸ், அதாவது பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும் பெட்டி, பயன்படுத்தினால் கவனம் தேவை. அங்கே ரீட்ஒன்லி என்பது தட்டெழுதுவதை மட்டுமே தடுக்கும்; பட்டியலைத் திறந்து சூரையைப் பாரையாக மாற்றுவதை அது தடுக்காது. ஆகவே அதைப் பூட்ட டிஸேபிள்ட் நிலையே வேண்டும்.

பலரும் தடுமாறுவது வேறோர் இடத்தில். பூட்டிய என்ட்ரிக்குள் உங்கள் நிரலாலும் எழுத முடியாது: எழுத்தைச் சேர்க்கும் இன்சர்ட், அழிக்கும் டிலீட் ஆகிய முறைகளை அழைத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, பெட்டியும் மாறாது. 42 கிலோவுக்கான தொகை ஏன் தோன்றவில்லை என்று பெருக்கல் வரியையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருக்க நேரும். எழுதுவதற்கு முன் நார்மல் நிலைக்கு மாற்றி, எழுதி, மீண்டும் பூட்டலாம். அதைவிட, பெட்டியை டெக்ஸ்ட்வேரியபிள் என்னும் பண்பு வழியாக, ஸ்ட்ரிங்வார் எனப்படும் டிகின்டரின் எழுத்துச்சர மாறியொன்றுடன் இணைத்துவிடுவது நன்று. அம்மாறியின் செட் முறையால் இடும் மதிப்பு, பூட்டிய பெட்டியிலும் உடனே தோன்றும்.

எல்லாப் பெட்டிகளையும் ஃபிரேம் எனப்படும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து ஃபிரேமையே பூட்டிவிடலாம் என எண்ண வேண்டாம். சாதாரண ஃபிரேமுக்கு ஸ்டேட் பண்பே இல்லாததால் பிழைதான் கிடைக்கும். பூட்ட வேண்டிய பெட்டிகளை ஒரு பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நிலையுடன், ஒரு சுழற்சியில் மாற்றுங்கள்.

டாப் விசையை அழுத்தும்போது டிஸேபிள்ட் பெட்டிகளை டிகின்டர் தாண்டிச் செல்லும். ரீட்ஒன்லி பெட்டிகளில் நின்றுதான் செல்லும். தராசடியில் ஈரக் கையுடன் நிற்பவர் சுட்டியைத் தொட விரும்பமாட்டார் அல்லவா? டாப் விசை ஒரு பெட்டியில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது டேக்ஃபோகஸ் பண்பு. மொத்தத் தொகைப் பெட்டியின் அப்பண்புக்கு 0 கொடுத்துவிட்டால், கிலோ விலையிலிருந்து ஒரே அழுத்தத்தில் 'சேமி' பொத்தானுக்குப் போய்விடலாம்.