ஐ ஷேடோவைத் தேர்ந்தெடுப்பதும் தீட்டுவதும்

இமையில் தீட்டும் நிறப்பொடியான ஐ ஷேடோவை வாங்கும்போது பெரும்பாலோர் பெட்டிக்குள் தெரியும் நிறத்தை நம்பி ஏமாறுகிறார்கள். அழுத்திய பொடியாகக் கிண்ணத்தில் இருக்கும் நிறம் அடர்த்தியாகத் தோன்றும்; அதையே இமையில் மெல்லிய படலமாகப் பரப்பினால், அடியில் இருக்கும் தோலின் நிறமும் அதனூடே தெரியும். ஆகவே விரல் நுனியால் ஒருமுறை தொட்டு, முன்கையின் உட்புறத்தில் ஒரே இழுப்பாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது. கடைகளில் சோதனைக்காக வைத்திருக்கும் பொடியைக் கண்ணருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது. பலருடைய விரல்கள் பட்ட பொருள் அது.

கருவிழியின் நிறத்தை வைத்து ஐ ஷேடோவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அட்டவணைகள் ஏராளமாக உள்ளன. நிறச்சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் என்பதே அவற்றின் அடிப்படை. நீல விழிக்குச் செம்பு நிறமும், பச்சை விழிக்குச் செம்பழுப்பும் பொருந்துவது அதனால்தான். அடர்பழுப்பு விழியோ ஏறத்தாழ எல்லா நிறங்களையும் ஏற்றுக்கொள்ளும். என் கணிப்பில் இந்த விதிக்கு இரண்டாம் இடமே உண்டு. முதலில் பார்க்க வேண்டியவை தோலின் நிறமும் பொடியின் பதமும்தான்.

வெளிறிய மேட் (பளபளப்பற்ற) நிறங்கள் பலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெண்பொருள்கள் மிகுதியாக இருக்கும். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் அவை சாம்பல் பூத்ததுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். அத்தகைய தோலுக்கு வெளிறிய இளஞ்சிவப்பைவிடச் செங்கல் நிறம், செம்பு, பொன், அடர்ஊதா, மயில்நீலம் ஆகியவை தெளிவாக எழும்பும். ஷிம்மர் வகையின் மினுமினுப்பு, டைட்டானியம் டை ஆக்சைடு மிக மெல்லிதாகப் பூசப்பட்ட அப்பிரகத் (மைக்கா) துகள்களிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும் இந்தத் துகள்கள் தாம் படிந்த இடத்தை முன்னே கொண்டுவந்து காட்டும்; மேட் நிறமோ அந்த இடத்தைப் பின்னே தள்ளும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எதை எங்கே தீட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சுருக்கம் விழுந்த இமையில் மினுமினுப்பு அச்சுருக்கங்களையும் சேர்த்தே எடுத்துக்காட்டும் என்பதால், அங்கே மேட் அல்லது மிக மென்மையான பளபளப்புள்ள பொடியே ஏற்றது.

கைவினைப் பொருள்களுக்கான கிளிட்டர் என்ற மினுக்குத் தூளை எக்காரணம் கொண்டும் இமையில் இடக் கூடாது. அதன் கூர்விளிம்புகள் கண்ணின் மேற்பரப்பைக் கீறிவிடும். கண்பகுதிக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை சில பெட்டிகளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் படித்துவிட வேண்டும். விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர்கள் கார்மைன் அல்லது சி.ஐ. 75470 என்ற குறிப்பைத் தேடிப் பார்க்கலாம். அந்தச் சிவப்புச் சாயம் கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. பெரிய பேலட்டும் தேவையில்லை. என்னிடம் 18 நிறங்கள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் அடித்தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்தவை மூன்று கிண்ணங்கள் மட்டுமே. தோலைவிடச் சற்று அடர்ந்த ஒரு மேட், அதைவிட ஆழ்ந்த இன்னொரு மேட், ஒரு ஷிம்மர் ஆகிய மூன்றும் போதும்.

தீட்டத் தொடங்கும் முன் இமையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சை ஓர் அரிசி அளவு எடுத்து மெல்லிதாகத் தடவி ஒரு நிமிடம் விட வேண்டும். இமையில் சுரக்கும் எண்ணெயும், நாள் முழுவதும் ஓயாத இமைப்பும் சேர்ந்தே பொடியை மடிப்பில் கோடாகத் திரட்டுகின்றன. பிரைமர் அதைத் தடுக்கிறது. அடர்நிறம் தீட்டுவதாக இருந்தால் ஃபவுண்டேஷனுக்கு முன்பே கண்ணை முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் கன்னத்தில் உதிரும் துகள்களை அப்போது எளிதாகத் துடைத்துவிடலாம்.

முதலில், மயிர் தளர்ந்த குவிந்த பிரஷ்ஷில் அந்த இரண்டு மேட் நிறங்களில் இளம் நிறத்தைச் சிறிது தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு, கண்ணாடியை நேராகப் பார்த்தபடி இமை மடிப்பில் இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும். பிரஷ்ஷைக் காம்பின் நுனியில் பிடித்தால் கையின் அழுத்தம் தானாகக் குறையும். கண்ணைத் திறந்தே வைத்திருப்பது இங்கு முக்கியம். மூடிய கண்ணில் அழகாகப் படிந்த நிறம், திறந்ததும் மடிப்புக்குள் மறைந்துவிடக்கூடும். மடிப்பு வெளியே தெரியாத இமை உள்ளவர்கள் அதற்குச் சற்று மேலேயே நிறத்தை ஏற்ற வேண்டும்.

அடுத்து ஆழ்ந்த மேட் நிறத்தைக் கூர்நுனி பிரஷ்ஷால் வெளிமூலையில் இட வேண்டும். கீழிமையின் ஓரக்கோடு புருவத்தின் வால் நோக்கி நீண்டு செல்வதாகக் கற்பனை செய்துகொண்டால், நிறம் தாண்டக் கூடாத எல்லை தெரியும். ஷிம்மரைத் தட்டையான பிரஷ்ஷாலோ விரலாலோ இமையின் நடுவில் ஒற்றி எடுப்பதே சரி; இழுத்துத் தேய்த்தால் துகள்கள் உதிர்ந்து மினுக்கு மங்கும். பிரஷ்ஷைச் சற்று ஈரமாக்கினால் பளபளப்பு கூடும்.

இனி வருவதுதான் பெரும்பாலோர் அவசரப்படும் இடம். இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பைப் பொடி தொடாத சுத்தமான பிரஷ்ஷால், சிறுசிறு வட்டங்களாக, ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதவரை கலைக்க வேண்டும். விளிம்பை மட்டும் கலைத்தால் போதும். இமை முழுவதையும் தேய்த்தால் எல்லா நிறமும் கலந்து சேற்று நிறமாகும். அப்படி ஆகிவிட்டால் மேலும் அடர்நிறத்தைச் சேர்த்து மறைக்க முயலாமல், தோல்நிறப் பொடியை விளிம்பில் இட்டு மென்மையாக்கலாம். நிறம் போதவில்லை என்றால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒரேயடியாக அப்பியதைக் குறைப்பது கடினம். மேலே இட்ட மேட் நிறத்திலேயே சிறிதளவைக் கீழிமை மயிர்களின் அடியில் ஓட்டினால் கண் நிறைவு பெறும். இமையின் ஈரமான உள்விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளின் துளைகள் இருப்பதால் அங்கே பொடியை இடக் கூடாது.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் ஒப்பனைக்கு முன் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, கலைக்கும்போதும் முதலில் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். ஒப்பனையைக் கலைக்க, எண்ணெய் கலந்த ரிமூவரில் நனைத்த பஞ்சைக் கண்மூடி அரை நிமிடம் இமைமேல் வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கித் துடைத்தால் தேய்க்க வேண்டியிருக்காது. கண்ணில் தொற்று வந்த நாள்களில் பயன்படுத்திய பொடியைத் தூக்கி எறிய வேண்டும். பிரஷ்களை மென்மையான சோப்பில் வாரம் ஒருமுறை கழுவி, படுக்கைவாட்டில் உலர்த்த வேண்டும். நிமிர்த்தி வைத்தால் காம்புக்குள் இறங்கும் நீர் பசையை இளக்கி மயிர்களை உதிரச் செய்யும்.